பொட்டு வைத்த பட்டன்

திருப்பூரில் ஓர் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பது என் வேலை. இதைச் சொன்னால் ஊரில் ஒருத்தருக்கும் புரிவதில்லை. பனியன் கம்பெனியில் குவாலிட்டி என்றால் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கரண்ட் வேலைக்கு என்ன குவாலிட்டி? "லைட்டு எரிஞ்சா வேலை முடிஞ்சுது. எரியலீன்னா முடியல. இதைப் பாக்கறதுக்கு ஒரு ஆளா?" என்று என் மாமனாரே கேட்டிருக்கிறார். அவருக்கு விளக்கிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

எங்கள் ஆபீஸ் பல்லடம் ரோட்டில் ஒரு மாடியில் இருக்கிறது. பெருமாநல்லூரிலிருந்து அருள்புரம் வரைக்கும் பனியன் கம்பெனிகளுக்கு வயரிங் செய்து, பேனல் போர்டு வைத்து, எர்த் போட்டுக் கொடுப்போம். அதன்பிறகு மாதாமாதம் பராமரிப்பும் நாங்களே. முன்பெல்லாம் இதற்குக் குவாலிட்டி ஆள் யாரும் கிடையாது. பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பி, துணியோடு நிற்காமல் கரண்ட் வேலைக்கும் பேப்பர் கேட்க ஆரம்பித்தார்கள். பேப்பர் வேண்டுமென்றால் பேப்பரை நிரப்ப ஓர் ஆள் வேண்டுமே. டிப்ளமா படித்துவிட்டு பில் போட்டுக்கொண்டிருந்த நான் வசமாக மாட்டினேன்.

"அம்மிணி, ஃபைலு சுத்தமா இருக்கோணுமுங்க. அது ஒண்ணுதான் உங்க வேலை" என்றார் எங்கள் முதலாளி முதல் நாளே. நல்ல மனுஷர், அதட்டிப் பேசத் தெரியாதவர். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வயர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை பாருங்கள்.

எர்த் குழி விஷயம் ஒன்று போதும், நான் எப்படிப்பட்ட இடத்தில் காலம் தள்ளுகிறேன் என்று சொல்ல. மெஷினில் கரண்ட் கசிந்தால் அது ஆள்மேல் பாயாமல் மண்ணுக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்காக வெட்டி வைப்பதுதான் எர்த் குழி. மண் ஈரமாக இருந்தால் மீட்டரில் ரீடிங் நன்றாக வரும். ஆகவே ஆடிட்டர் வருகிற அன்று காலையில் குழிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடிட்டர் போனபின் அடுத்த ஆடிட் வரைக்கும் அது காய்ந்து வெடித்துக் கிடக்கும். ஒருநாள் கையும் குடமுமாகப் பிடித்தேன்.

"இதென்னங்ணா பண்றீங்க?"

"செடிக்கு ஊத்தறாப்லதானுங்க மேடம்" என்றார் எங்கள் எலக்ட்ரீசியன், துளி வெட்கமில்லாமல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியில்தான், சிரித்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது.

அதன் பிறகு நான் கறாராகிவிட்டேன். மாதச் சோதனைக்கு நாற்பது வரிகள் கொண்ட ஒரு பட்டியலை நானே உட்கார்ந்து தயாரித்தேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரில் ஒரு கட்டம். பார்த்துவிட்டு டிக் போட வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் ஃபைலை முகத்தில் அடித்தாற்போலத் திருப்பி அனுப்புவேன். எலக்ட்ரீசியன்கள் எனக்கு ‘டிக்கு மேடம்’ என்று பெயர் வைத்தார்கள். நான் உள்ளே நுழையும்போதே "டிக்கு மேடம் வர்றாங்கடோய்" என்று ஒரு குரல் கேட்கும். கேலிதான். ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. சொல்லத்தான் வேண்டும், இருந்தது.

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனி. கீழே கட்டிங்கும் தையலும், மேலே அயர்னிங்கும் பேக்கிங்கும். முழு வயரிங்கும் எங்களுடையது. குழிக்குத் தண்ணீர் ஊற்றிய அதே எலக்ட்ரீசியன் அண்ணன்தான் அங்கே நிரந்தரமாக இருந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது. சஷ்டிக்கு விரதம் இருப்பவர், நெற்றியில் விபூதி இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. வேலை தெரிந்தவர். என் ஃபைல்களிலேயே அவருடையதுதான் படு சுத்தம். நாற்பதுக்கு நாற்பது டிக், ஒரே அளவில், ஒரே சாய்வில்.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஆபீஸிலிருந்து ஆளுக்கொரு கம்பெனிக்குப் போவது வழக்கம். அந்த வருடம் நான் அருள்புரத்துக்குப் போனேன். மெஷின்களையெல்லாம் துடைத்து, வாழைக்கன்று கட்டி, மாவிலை தொங்கவிட்டு, கம்பெனியே கல்யாண வீடு போல இருந்தது. பீகார்ப் பையன்கள் ஒரு பக்கம் ஹிந்திப் பாட்டு போட்டிருந்தார்கள். எலக்ட்ரீசியன் அண்ணன் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் என் கையில் கொடுத்து, "பேனலுக்கு நீங்களே வெச்சுடுங்க மேடம். மங்களமா இருக்குமுங்க" என்றார்.

எனக்கு ரொம்ப சந்தோஷம். வருடம் முழுவதும் இவர்களைத் திட்டிக்கொண்டே அலைகிறேன், இன்றைக்காவது என்னை வீட்டு ஆள் மாதிரி நடத்துகிறார்களே என்று தோன்றியது. மாடியில் அயர்னிங் பேனலைத் திறந்தேன். உள்ளே இ.எல்.சி.பி. இருந்தது. அது ஒரு சின்னப் பெட்டி. கரண்ட் எங்கேயாவது கசிந்து ஆள்மேல் பாய்ந்தால், கண் சிமிட்டுவதற்குள் தானே விழுந்து லைனைத் துண்டித்துவிடும். அதன் நடுவில் சுண்டைக்காய் அளவு ஒரு டெஸ்ட் பட்டன் உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்த வேண்டும். அழுத்தினால் ‘டப்’பென்று விழ வேண்டும். விழுந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

சந்தனம் வைக்க அந்த பட்டனைவிட வாகான இடம் பேனலிலேயே இல்லை. சரியாக நெற்றி மாதிரி நடுவில் இருந்தது. கட்டை விரலால் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தேன். "அம்சமா இருக்குதுங்க" என்றார் அண்ணன். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கு ஆறாவது மாதம் அந்தக் கம்பெனிக்குப் பெரிய ஆடிட் ஒன்று வருவதாக இருந்தது. முன்கூட்டியே சுற்றிப் பார்க்க ஒரு புதன்கிழமை போனேன். மாடியில் வரிசையாக அயர்ன் டேபிள்கள். மேலே தொங்கும் ஸ்டீம் அயர்ன், அதிலிருந்து சொட்டும் நீர், தரையெல்லாம் ஈரம். துணியில் அழுக்குப் படக்கூடாது என்று அந்தத் தளத்துக்குள் யாரும் செருப்பு போடக்கூடாது. அது கம்பெனியின் குவாலிட்டி ரூல். எல்லாரும் வெறுங்காலோடுதான் நிற்பார்கள்.

ஏழாவது டேபிளில் ஓர் அக்கா அயர்ன் செய்துகொண்டிருந்தார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. அவர் மட்டும் தரையில் நிற்கவில்லை. கார்ட்டன் பெட்டி அட்டையை மடித்துப் போட்டு, அதன்மேல் பாலித்தீன் கவரை விரித்து நின்றிருந்தார். நாள்கணக்கில் நின்று நின்று அதில் இரண்டு பாதங்களின் அச்சு பதிந்திருந்தது.

"அக்கா, அட்டையெல்லாம் இங்க போடக்கூடாது. அயர்ன் பாக்ஸ் இருக்கிற இடம், பத்திக்கிட்டா என்ன பண்றது?"

அவர் அயர்னை மேலே மாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "தாயி, அட்டைய எடுத்துராதீக. கீழ நின்னு டேபிளத் தொட்டா சுர்ருனு ஏறுது. தோள்பட்ட வரைக்கும் இழுக்குது. சொன்னா எல்லாரும் சிரிக்கிறாக."

பக்கத்து டேபிளில் நிஜமாகவே யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எலக்ட்ரீசியன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் டெஸ்டரை டேபிள் காலில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் காட்டலீங்க மேடம். ஈரக் கையோட தொடுவாங்க, ஸ்டீமு சூடு வேற. அது சுடறதை ஷாக்குங்கறாங்க" என்றார்.

"சூடுக்கும் ஷாக்குக்கும் வித்தியாசம் தெரியாதாய்யா எனக்கு?" என்றார் அந்த அக்கா. "எத்தன வருசமா பொட்டி புடிக்கிறேன்!"

டேபிளைப் பிரித்து எர்த் வயரைப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு லைனை நிறுத்த வேண்டும். மேனேஜரிடம் போனேன். அவர் காதில் ஒரு போன், கையில் ஒரு போன்.

"ஏனுங்க மேடம், சனிக்கிழமை கன்டெய்னர் கெளம்போணும். இப்பப் போயி லைனை நிறுத்துன்னா நான் எங்கீங்க போறது? ஞாயித்துக்கிழமை தாராளமாப் பாருங்க. நானே வந்து கூட நிக்கறேன்."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இது எப்போதும் உள்ள கதைதான். கரண்ட் வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம் கிடைக்கும். கரண்ட்டோ ஏழு நாளும் ஓடும். வாதாடினேன். அரை மணி நேரம் கேட்டேன், கால் மணி நேரம் கேட்டேன். "உங்க ஃபைல்ல எல்லாம் ஓகேன்னுதானுங்களே இருக்குது? போன மாசம் நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கறீங்க" என்று மேனேஜர் ஃபைலை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பார்த்தேன். இ.எல்.சி.பி. டெஸ்ட் பட்டன் அழுத்திப் பார்க்கப்பட்டது: டிக். எர்த் இணைப்பு, டேபிள் ஒன்று முதல் பன்னிரண்டு வரை: டிக். கீழே என் கையெழுத்து. அடுத்து நான் செய்ததை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஃபைல் என்றாலே பொய் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற நான், அந்த ஃபைலை நம்பினேன். அது நான் உண்டாக்கிய ஃபைல் இல்லையா? டிக் இருக்கிறது, இ.எல்.சி.பி. வேலை செய்கிறது, என்ன கசிந்தாலும் அது விழுந்து காப்பாற்றிவிடும், ஞாயிறு வரை பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரிப்போர்ட்டில் இரண்டு வரி எழுதினேன். அயர்னிங் தரையில் அட்டை, தீப்பிடிக்கும் அபாயம், உடனே அகற்றவும். இது முதல் வரி. ஏழாவது டேபிளில் ஷாக் என்று புகார், ஞாயிறு அன்று லைனை நிறுத்திச் சரிபார்க்கவும். இது இரண்டாவது.

முதல் வரிக்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை. கன்டெய்னர் தடுக்கவில்லை, மேனேஜர் தடுக்கவில்லை. நானே குனிந்து அந்த அட்டையை உருவினேன். ‘முன்’ என்று ஒரு போட்டோ, ‘பின்’ என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்த அக்கா ஒதுங்கி நின்று பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கங்க அக்கா. லீக் இருந்தா தானா கட் ஆயிடும், பயப்படாதீங்க. ஃபைல்ல எல்லாம் சரியா இருக்கு."

"சரி தாயி. நீங்க படிச்சவுக, சொல்றீக" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன். மேனேஜர் போன் செய்தார். "மேடம், ஒரு சின்ன ஷாக்குங்க. பெருசா ஒண்ணுமில்லீங்க. கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

சாப்பாட்டை மூடக்கூட இல்லை. ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. வழியெல்லாம் ஏழு, ஏழு, ஏழாவது டேபிள் என்றே உள்ளுக்குள் ஓடியது.

ஏழாவது டேபிள்தான். அந்த அக்காவைப் பேக்கிங் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வலது கை மடியில் கிடந்து தானாக நடுங்கிக்கொண்டிருந்தது. டேபிள் கம்பியைப் பிடித்த கை ஒட்டிக்கொண்டதாம். கத்தக்கூட முடியவில்லையாம். பக்கத்து டேபிள்காரர் அவர் கையைப் பிடிக்காமல், ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கியதால் பிழைத்திருக்கிறார். விழுந்ததில் முழங்கையில் நல்ல அடி. அவரைத் தொடவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம இங்க ஏன் உக்கார வெச்சிருக்கீங்க?" என்று கத்தினேன். "வண்டி வருதுங்க மேடம், வந்துட்டே இருக்குதுங்க" என்றார் மேனேஜர். அதுவும் வந்தது. அவரை ஏற்றி அனுப்பிவிட்டு, யாரிடமும் கேட்காமல் அயர்னிங் லைனை நிறுத்தச் சொன்னேன். கன்டெய்னராவது மண்ணாங்கட்டியாவது.

டேபிளைப் பிரித்ததில் எல்லாம் தெரிந்தது. அயர்ன் வயரின் தோல் உரிந்து, டேபிள் அசையும்போதெல்லாம் அதன் இரும்புச் சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது. சட்டத்தை மண்ணோடு சேர்க்க வேண்டிய எர்த் வயர் துருப்பிடித்து அறுந்து ஆடிக்கொண்டிருந்தது. இதெல்லாம் நடக்கக்கூடியதுதான். இப்படி நடந்தால் காப்பாற்றத்தானே இ.எல்.சி.பி.? அது ஏன் விழவில்லை? போய் பேனலைத் திறந்தேன்.

டெஸ்ட் பட்டனில் சந்தனம் காய்ந்து பாளம் பாளமாக ஒட்டியிருந்தது. நடுவில் குங்குமம் கறுத்துப் போயிருந்தது. சந்தனத்தின் ஓரத்தில் ஒரு கட்டை விரலின் ரேகை அப்படியே பதிந்திருந்தது. என் விரல்.

"அண்ணா, இதை அழுத்திப் பாத்தீங்களா?"

அவர் தயங்கினார். "பொட்டு வெச்சதை எப்பிடீங்க மேடம் அழுத்தறது? அடுத்த பூசை வரைக்கும் தொடக்கூடாதுங்க. அதுவும் நீங்க உங்க கையால வெச்சது."

"ஆறு மாசமாவா?"

"பூசை போட்டதிலிருந்துங்க."

"அப்ப டிக்? மாசாமாசம் டிக் போட்டிருக்கீங்களே, அது?"

"காலியா வுட்டா ஃபைலைத் திருப்பி அனுப்பிப்போடுவீங்களேங்க."

 அவர் எதிர்த்துப் பேசவில்லை, பொய் சொல்லவில்லை, மழுப்பக்கூட இல்லை. பிழைப்பில் நேர்மையான மனிதர் என்று இன்றைக்கும் நான் நம்புகிற ஒருவர், சாமிக்கும் பயந்தார், எனக்கும் பயந்தார். இரண்டு பேரையும் சமாளிக்க அவருக்கு ஒரு டிக் போதுமாக இருந்தது. யாரைத் திட்டுவது? அவரைத் திட்ட வாயெடுத்தால் அது என்மேலேயே வந்து விழுந்தது.

பேனலுக்கு மட்டும் கரண்ட் விடச் சொல்லி, கட்டை விரலை அந்தப் பொட்டின் மேலேயே வைத்து அழுத்தினேன். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ‘டப்’ வரவில்லை. இன்னொருமுறை அழுத்தினேன். வரவில்லை. நகம் வலிக்க அழுத்தினேன். பனியன் பஞ்சும் ஸ்டீம் ஈரமும் உள்ளே புகுந்து இ.எல்.சி.பி. எப்போதோ இறுகிப் போயிருக்கிறது. சந்தனம் ஒரு பாவமும் செய்யவில்லை. எந்த மாதமாவது ஒருத்தர் அழுத்தியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், மாற்றியிருப்போம்.

அன்று சாயங்காலம் முதலாளி வந்தார். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார், அதைச் சொல்ல வேண்டும். புது இ.எல்.சி.பி. அன்றே வந்தது, பன்னிரண்டு டேபிளுக்கும் புது எர்த் வயர் போடச் சொன்னார். அதிலெல்லாம் குறையில்லை. பிறகு என் ரிப்போர்ட்டைக் கேட்டார். ‘காரணம்’ என்ற இடத்தில் உள்ளது உள்ளபடி எழுதியிருந்தேன். பூஜையில் டெஸ்ட் பட்டன்மேல் பொட்டு வைத்தது நான். அதனால் ஆறு மாதம் யாரும் அதை அழுத்தவில்லை. அழுத்தியதாக டிக் போடப்பட்டது. காலிக் கட்டத்தை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்பதே அதற்குக் காரணம். பாதுகாப்புக்காக அந்த அக்கா போட்டிருந்த அட்டையை அகற்றியதும் நானே.

முதலாளி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மிணி, பொட்டுன்னெல்லாம் எழுதுனா அந்த வெளிநாட்டுக்காரனுக்கு என்னங்க புரியும்? சாமி விசயம் வேற. ஈரக் கையோட தொட்டதுனால நடந்துதுன்னு எழுதுங்க. ஆளுங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்தாச்சுன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுதுங்க."

"அவங்க கை ஈரமா இல்லாம எப்படிங்க இருக்கும்? ஸ்டீம் அயர்ன் புடிக்கிறவங்க."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்."

இவரிடம் என்னத்தைப் பேசுவது? "நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க" என்றேன். குரல் உடைந்து அழுகையாக வந்தது, அந்த எரிச்சல் வேறு. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். "சரிங்க அம்மிணி, நீங்க ஊட்டுக்குப் போயி ஓய்வெடுங்க" என்றார். திங்கட்கிழமை பார்த்தபோது ரிப்போர்ட் போய்விட்டிருந்தது, வேறொருவர் கையெழுத்தில். காரணம்: ஈரக் கை. ஆடிட் நல்லபடியாக முடிந்தது. அயர்னிங் தரை சுத்தமாக இருப்பதாக ஆடிட்டர் பாராட்டினாராம். என் ‘முன்’, ‘பின்’ போட்டோக்களையும் அவரிடம் காட்டினார்களாம். 

ஒவ்வொரு டேபிளுக்கும் கீழே போட ரப்பர் மேட் கேட்டு எழுதினேன். பார்க்கலாம் என்று பதில் வந்தது.

அந்த அக்கா பத்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பினார். வேறு எங்கே போவார்? அன்று காலையில் நான் எல்லாருக்கும் முன்பாகப் போய்விட்டேன். பன்னிரண்டு டேபிளுக்கும் நானே மீட்டர் வைத்துப் பார்த்தேன். புது இ.எல்.சி.பி. பட்டனை மூன்று முறை அழுத்தினேன், மூன்று முறையும் ‘டப்’பென்று விழுந்தது. எலக்ட்ரீசியன் அண்ணன் பக்கத்தில் நின்று எண்ணினார். அவ்வளவும் முடித்துவிட்டுத்தான் அந்த அக்காவிடம் போனேன்.

"அக்கா, எல்லாம் மாத்தியாச்சு. நானே டெஸ்ட் பண்ணினேன். இப்ப பயமே இல்ல."

முழங்கையில் கட்டோடு நின்றிருந்தார். டேபிளை இன்னும் தொடவில்லை.

"அன்னைக்கும் இதத்தான தாயி சொன்னீக."

 குனிந்து நின்றேன். அவர் என் காலைப் பார்த்தார். ஆபீஸ் ஆள் என்பதால் எனக்கு மட்டும் செருப்பு போட விலக்கு உண்டு. தடித்த ரப்பர் அடி போட்ட செருப்பு.

"அதக் கழட்டிப்பிட்டு நீங்க ஒருக்காத் தொடுங்க" என்றார்.

கழற்றினேன். தரை சில்லென்று ஈரமாக இருந்தது. கையை நீட்டினேன். எல்லாம் எனக்குத் தெரியும். எர்த் வயரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், ரீடிங்கை என் கையால் எழுதியிருக்கிறேன், பட்டன் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனாலும் டேபிள் கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் என் கை நின்றுவிட்டது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். பிறகு பிடித்தேன், நன்றாக இறுக்கிப் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. வெறும் குளிர்ந்த இரும்பு.

ஆனால் கை நின்றதை அவர் பார்த்துவிட்டார்.

"நீங்களே ரோசிக்கிறீகளே தாயி" என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. எனக்காகப் பாவப்பட்டமாதிரிகூட இருந்தது.

அவர் பேக்கிங் பக்கம் போய், நல்ல கையால் ஒரு புது கார்ட்டன் அட்டையை இழுத்து வந்தார். கட்டுப் போட்ட கையோடு அவரால் அதை மடிக்க முடியவில்லை. எலக்ட்ரீசியன் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்து அட்டையின் மறுமுனையைப் பிடித்து, மடித்து, அவர் நிற்கிற இடத்தில் விரித்துக் கொடுத்தேன்.